கதையில் அறிவியல் தப்பாக இருந்தால் பாடம் கெட்டுவிடுமா?

பூமியின் மையத்துக்குப் போகும் அந்தப் பழைய சாகச நாவலைப் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்து, அதன் வழியாகப் பூமி அறிவியலைச் சொல்லித்தர முடியுமா, அதற்கு என்னென்ன செயல்பாடுகள் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கவலை கடைசி வரியில் இருக்கிறது: "கதையில் வருவது பெரும்பாலும் தப்பு என்கிறார்களே, அது பிள்ளைகள் மனசில் அப்படியே பதிந்துவிடாதா?" செயல்பாடுகள் எங்கு தேடினாலும் கிடைக்கும். இந்தக் கவலைக்குப் பதில் கிடைத்தால் செயல்பாடுகளை நீங்களே உருவாக்கிக்கொள்வீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் நிலவியல் படித்தவன். பாறைகளோடு வேலை பார்த்த காலம் போக, பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த நாவலை வாசிக்கும் வழக்கமும் பல வருடங்களாக உண்டு. என் பதில்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் நாவலைப் பாடப்புத்தகத்தின் இடத்தில் வைக்காதீர்கள். அதை ஒரு வழக்காக வையுங்கள். இரண்டு தரப்பு வாதிடுகிறது, பிள்ளைகள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாவலே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கதை தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூல்ஸ் வெர்ன் பிரெஞ்சில் எழுதி 1864-இல் வெளிவந்த நாவல். ஹாம்பர்க் நகரத்தில் லிடன்பிராக் என்ற கனிமவியல் பேராசிரியர், அவரிடம் வளரும் உறவுப் பையன் ஆக்செல். பழைய ஏடு ஒன்றிலிருந்து விழுந்த சங்கேதத் துண்டில், 16-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து அறிஞர் ஒருவர், ஸ்னேஃபெல்ஸ் எரிமலையின் வாய் வழியாக இறங்கினால் பூமியின் மையத்தை அடையலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். இருவரும் ஹான்ஸ் என்ற வழிகாட்டியோடு இறங்குகிறார்கள். உள்ளே கடல், ராட்சதக் காளான்கள், அழிந்துபோன விலங்குகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி எரிமலை இவர்களை வெளியே தள்ளுகிறது.

இதில் பேராசிரியர் துணிச்சல்காரர், ஆக்செல் பயந்தாங்கொள்ளி என்றுதான் பிள்ளைகள் முதலில் நினைப்பார்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் இருவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தை நிறுத்தி நிதானமாக வாசித்துப் பாருங்கள். போக வேண்டாம் என்பதற்கு ஆக்செல் அடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை சரி. பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும், பாறை உருகும் நிலை வரும் என்கிறான். கதை நகர வேண்டும் என்பதற்காகத்தான் பேராசிரியர் ஜெயிக்கிறார். அதனால் நான் பிள்ளைகளை ஆக்செலின் வழக்கறிஞர்களாக நியமித்துவிடுவேன். கதை முழுக்க அவன் தரப்புக்கு ஆதாரம் தேடுவதுதான் அவர்கள் வேலை. அந்த நிமிடமே "தப்பு பதிந்துவிடுமோ" என்ற பயம் பாதி போய்விடும். தப்பைத் தேடி வாசிக்கிற பிள்ளை அதை நம்பிக்கொண்டு வாசிப்பதில்லை.

முதல் வழக்கு வெப்பம். 70 அடி ஆழத்துக்கு ஒரு டிகிரி வீதம் சூடு ஏறும் என்கிறான் ஆக்செல். அந்தக் காலத்துப் பிரெஞ்சு அடி சுமார் 32.5 சென்டிமீட்டர். ஆக 70 அடி என்பது ஏறக்குறைய 23 மீட்டர். கிலோமீட்டருக்கு 44 டிகிரி. இன்று கண்டங்களின் மேலோட்டில் கிடைக்கும் சராசரி கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. எரிமலைப் பகுதிகளில் அதைவிட மிக அதிகம். 160 வருடத்துக்கு முந்தைய கணக்குக்கு ஆக்செலின் எண் மோசமில்லை. இப்போது பிள்ளைகளை அதே வீதத்தில் மையம் வரை கணக்குப் போடச் சொல்லுங்கள். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆக்செலின் வீதப்படி 2,80,000 டிகிரி வரும். 25 டிகிரி என்று வைத்தாலும் 1,60,000 வரும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான் என்று சொன்னதும், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். பேராசிரியர் பதிலுக்கு என்ன சொல்கிறார் என்று நாவலுக்குத் திரும்புங்கள். கொஞ்ச ஆழத்தில் அளந்த வீதம் மையம் வரை அப்படியே நீடிக்கும் என்று யார் கண்டது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஒரு முறை ஒரு சிறுமி இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா அவர் சொல்றதும் சரிதானே?" என்றாள். ஆமாம், அந்த ஒரு விஷயத்தில் பேராசிரியர் சொல்வதுதான் சரி. மேலோட்டில் வெப்பம் பாறை வழியாக மெதுவாகக் கடத்தப்படுகிறது. அதனால் ஆழத்தோடு வேகமாக ஏறுகிறது. அதற்குக் கீழே உள்ள தடித்த பாறை அடுக்கான கவசத்தில் பாறையே மிக மிக மெதுவாகச் சுழன்று வெப்பத்தைச் சுமந்து வருகிறது. அங்கே கிலோமீட்டருக்கு அரை டிகிரி கூட ஏறுவதில்லை. அதனால்தான் மையத்தின் வெப்பம் இன்றைய மதிப்பீட்டில் 5,000 முதல் 6,000 டிகிரிக்குள் நிற்கிறது. ஆனால் வீதம் மாறலாம் என்ற சரியான ஐயத்திலிருந்து, உள்ளே குளிர்ச்சியாகவே இருக்கலாம் என்ற தவறான முடிவுக்குப் பேராசிரியர் தாவிவிடுகிறார். ஒரே ஆள் ஒரே பேச்சில் சரியாகவும் தப்பாகவும் இருக்க முடியும் என்பதைப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கிறார்களே, அதற்காகவே இந்த நாவலைக் கையில் எடுக்கலாம்.

எரிமலைச் சூட்டுக்குப் பேராசிரியர் சொல்லும் காரணம், பொட்டாசியம், சோடியம் போன்ற உலோகங்கள் தண்ணீர் பட்டு எரிவதால் வரும் வெப்பம் என்பது. வெர்ன் இதைக் கற்பனை செய்யவில்லை. அந்த உலோகங்களைக் கண்டுபிடித்த ஹம்ஃப்ரி டேவி உண்மையிலேயே முன்வைத்த கருத்து அது. இன்று யாரும் ஏற்பதில்லை. கதிரியக்கம் 1896-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பூமியின் உள்வெப்பத்தில் கணிசமான பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் ஒரு வகை ஆகியவற்றின் சிதைவிலிருந்து வருவது. மீதி பூமி உருவான காலத்து வெப்பம். 1864-இல் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. வெர்ன் தப்பு செய்தார் என்று சொல்வதைவிட, அவர் காலத்தில் எது தெரிந்திருந்தது, எது தெரியாது என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்பது முதல் வகையில் சேரும். அது பொய் என்று காட்டும் ஆதாரம் அவர் காலத்திலேயே கையில் இருந்தது. பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் ஐந்தரை மடங்கு என்று 1798-இலேயே ஹென்றி கேவன்டிஷ் அளந்துவிட்டார். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உள்ளங்கை அளவுக் கூழாங்கல் ஒன்றை எடை போடுங்கள். அளவுக்கோடு போட்ட குவளையில் தண்ணீர் ஊற்றி, கல்லை நூலில் கட்டி மெதுவாக இறக்கி, தண்ணீர் எத்தனை மில்லிலிட்டர் ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எடையை அந்த அளவால் வகுத்தால் பெரும்பாலும் 2.6, 2.7 என்று வரும். மேலே உள்ள கல் 2.7, மொத்தப் பூமி 5.5 என்றால் உள்ளே இருப்பது கல்லைவிடக் கனமாக இருந்தாக வேண்டும். வெற்றிடத்துக்கும் கடலுக்கும் அங்கே இடமில்லை. பத்து வயதுப் பிள்ளைகூட இந்த முடிவுக்குத் தானாக வந்து சேரும். நீங்கள் முந்திக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

அடுத்து அளவு. நாவலின் தலைப்பில் மையம் இருந்தாலும் இவர்கள் மையத்துக்குப் போவதே இல்லை. அந்த நிலத்தடிக் கடல் இருக்கும் ஆழம் 35 லீக், அதாவது சுமார் 140 கிலோமீட்டர். நீண்ட தாழ்வாரத்தில் 6 மீட்டர் 37 சென்டிமீட்டருக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு மீட்டர் ஆயிரம் கிலோமீட்டர். ஒரு முனை தரை, மறுமுனை பூமியின் மையம். கண்டங்களின் மேலோடு பெரும்பாலும் 3 முதல் 5 சென்டிமீட்டர். கடலுக்கடி மேலோடு 7 மில்லிமீட்டர். நாவலின் கடல் 14 சென்டிமீட்டரில். கவசம் முடிவது 2 மீட்டர் 89 சென்டிமீட்டரில், அதற்குள் இருக்கும் இரும்புக் கருவத்தின் திரவ வெளிப்பகுதி, அதாவது வெளிக்கருவம், முடிவது 5 மீட்டர் 15-இல், மீதி உட்கருவம். மனிதர்கள் உண்மையில் போயிருக்கும் ஆழத்தைக் கடைசியில் குறிக்கச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர், அதாவது 4 மில்லிமீட்டர். ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீட்டர். அது 12 மில்லிமீட்டர். 1970-இல் தோண்டத் தொடங்கி 1989-இல் அந்த ஆழத்தை எட்டினார்கள். அடியில் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 180 டிகிரி இருந்தது. சூட்டில் இளகிய பாறை துளையை மூடப் பார்த்தது. அதற்குமேல் போக முடியவில்லை. கிலோமீட்டருக்கு எத்தனை டிகிரி என்று வகுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு 15 என்றுதான் வரும். சராசரியைவிடக் குறைவாக இருக்கிறதே என்று கேட்டால் பாராட்டுங்கள். அது மிகப் பழைய, குளிர்ந்த மேலோடு, இடத்துக்கு இடம் வீதம் மாறும் என்று சொல்லுங்கள்.

12 மில்லிமீட்டர்தான் தோண்டியிருக்கிறோம் என்றால், மீதி ஆறு மீட்டருக்கு மேல் உள்ள பகுதியைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேசுகிறோம்? இந்தக் கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வந்தால் நல்லது. வராவிட்டால் நீங்கள் கேளுங்கள். பதிலுக்கான சாவி நாவலிலேயே இருக்கிறது. ஆக்செல் வழிதவறித் தனியாக மாட்டிக்கொள்ளும் அத்தியாயம் அது. இருட்டு, விளக்கும் போய்விட்டது. பாறைச் சுவரில் காதை வைத்தபோது தொலைவிலிருந்து பேராசிரியரின் குரல் கேட்கிறது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேராசிரியர் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு ஆக்செலின் பெயரைச் சொல்கிறார். அது காதில் விழுந்த உடனே ஆக்செல் திருப்பிச் சொல்கிறான். போய்வர 40 வினாடி. ஒரு வழிக்கு 20 வினாடி. வினாடிக்கு 1,020 அடி என்றால் 20,400 அடி. இதைப் பிள்ளைகளோடு மீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். 1,020 பிரெஞ்சு அடி என்பது 331 மீட்டர். பூச்சியம் டிகிரிக் காற்றில் ஒலியின் வேகமாக இன்று நாம் கொடுக்கும் எண்ணும் அதேதான். தூரம் 6.6 கிலோமீட்டர். கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே ஒரு குறையும் கண்டுபிடிப்பார்கள்: உள்ளே காற்று சூடாக இருக்குமே? 27 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வேகம் 347 மீட்டர், தூரம் 6.9 கிலோமீட்டர் ஆகிவிடும். முந்நூறு மீட்டர் வித்தியாசம்.

நிலநடுக்கவியல் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்: அலை எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது, நடுவில் எதன் வழியாக வந்திருக்கும் என்ற கணக்கு. சட்டி வாங்குகிறவர் தட்டிப் பார்த்து ஓட்டையா நல்லதா என்று சொல்வதுபோல, நிலநடுக்கம் பூமியைத் தட்டுகிறது. உலகெங்கும் உள்ள கருவிகள் காது கொடுக்கின்றன. முதலில் வந்து சேரும் பி அலை அமுக்கி விரித்துப் போகும். திடம், திரவம் இரண்டிலும் போகும். பிறகு வரும் எஸ் அலை பக்கவாட்டில் அசைத்துப் போகும். திரவத்துக்குள் அது போகாது. பிள்ளைகளை வரிசையாகத் தோளில் கைபோட்டு நிற்க வைத்து, ஒரு முனையில் மெதுவாகத் தள்ளினால் முதல் வகை, பக்கவாட்டில் அசைத்தால் இரண்டாவது வகை. இப்போது கைகளை எடுத்துவிட்டுத் தனித்தனியாக நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். அவர்கள் இப்போது திரவம். தள்ளினால் அது கடந்து போகும், அசைத்தால் அடுத்தவருக்குப் போகாது. இதை ஒரு முறை உடம்பால் செய்த பிள்ளைகளுக்கு வெளிக்கருவம் ஏன் திரவம் என்று மறுபடி விளக்க வேண்டியதில்லை. 1906-இல் ரிச்சர்டு ஓல்டம் பூமிக்குக் கருவம் உண்டு என்று அலைகளை வைத்துக் காட்டினார். 1909-இல் மொகொரொவிசிச் மேலோட்டின் அடி எல்லையைக் கண்டார். 1914-இல் குட்டன்பெர்க் கருவத்தின் ஆழத்தைக் கணக்கிட்டார். 1936-இல் டென்மார்க்கின் இங்கே லேமன் என்ற பெண்மணி, வரக்கூடாத இடத்தில் வந்த மெல்லிய அலைகளைக் கவனித்து, கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருக்கிறது என்றார். இந்த நால்வரில் ஒருவரும் ஒரு அடி கூட உள்ளே இறங்கவில்லை. பிள்ளைகளுக்கு லேமனின் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். லிடன்பிராக்குக்குக் குறையாத சாகசம் அது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் மனசில் பதிந்துவிடக்கூடிய ஆபத்தான தப்பு நாவலின் கடலோ காளானோ இல்லை. அவை கற்பனை என்று அவர்களுக்கே தெரியும். மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்பு, எரிமலை அதன் வாய் என்ற எண்ணம்தான் ஆபத்து. பாடப்புத்தகப் படங்களில் கவசத்தைச் சிவப்பிலும் ஆரஞ்சிலும் வரைவதால் பெரியவர்களிடமும் இது ஊறிப்போயிருக்கிறது. கவசம் திடமான பாறை. எஸ் அலைகள் அதன் வழியாகப் போகின்றன என்பதே ஆதாரம். ஆண்டுக்கு சில சென்டிமீட்டர் வேகத்தில் அது நகர்கிறது, ஆனால் திரவம் இல்லை. சில இடங்களில், சில காரணங்களால், அதன் சிறு பகுதி மட்டும் உருகுகிறது; எரிமலைகளுக்கு அந்தச் சிறு பகுதி போதும்.

அந்தக் காரணங்களைச் சொல்ல நாவலின் இரு முனைகளைவிட நல்ல ஜோடி கிடைக்காது. நுழைவது ஐஸ்லாந்து, வெளியேறுவது ஸ்ட்ரோம்போலி. நடுவில் சுமார் 3,800 கிலோமீட்டர். பூமியின் மேற்பகுதி தட்டுகள் எனப்படும் பெரிய பாறைப் பலகைகளாகப் பிரிந்து மெதுவாக நகர்கிறது. ஐஸ்லாந்தில் வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வேகத்தில் விலகுகின்றன. விலகும் இடத்தில் கீழிருந்து பாறை மேலேறுகிறது, அழுத்தம் குறைகிறது, அதனாலேயே உருகுகிறது. ஸ்ட்ரோம்போலியில் நடப்பது நேர் எதிர். அங்கே கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே புதைகிறது. அதிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. ஒன்று விலகலால் வரும் எரிமலை, இன்னொன்று புதைவதால் வரும் எரிமலை. ஸ்ட்ரோம்போலி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய ஓயாமல் வெடித்துக்கொண்டிருக்கிறது; பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சின்னச் சின்ன வெடிப்பு. ஸ்னேஃபெல்ஸ் கடைசியாக வெடித்துச் சுமார் 1,800 ஆண்டுகள் ஆகின்றன. வெர்னுக்குத் தட்டுகளைப் பற்றித் தெரியாது. அந்தக் கோட்பாடு 1960-களில்தான் நிலைபெற்றது. கடைசி அத்தியாயங்களுக்கு முன்னால் உலக எரிமலை வரைபடம் ஒன்றை விரித்து, எங்கே வெளியே வருவார்கள் என்று பந்தயம் வைத்துப் பாருங்கள். எரிமலைகள் வரிசை வரிசையாகத்தான் நிற்கின்றன என்பதை யாரும் சொல்லாமலே கவனிப்பார்கள்.

பாறைகளைப் பற்றிய பகுதியில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தப்பான சுரங்க வழியில் போகும்போது ஆக்செல் சுவர்களைக் கவனிக்கிறான். பலகைக்கல், சுண்ணாம்புக்கல், மணற்கல் என்று மாறுகிறது. தாவரப் பதிவுகள் தெரிகின்றன. காலடியில் டிரைலோபைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓடு கிடைக்கிறது. ஆகவே நாம் கீழே போகவில்லை, இளைய பாறைகளை நோக்கி மேலே போகிறோம் என்று முடிவு கட்டுகிறான். கீழ் அடுக்கு மூத்தது, மேல் அடுக்கு இளையது என்ற விதியை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இலேயே சொன்னார். அதைக் கதைக்குள் இவ்வளவு இயல்பாகப் பயன்படுத்திய இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தர்க்கம் அருமை. ஆனால் இடம் பொருந்தாது. ஐஸ்லாந்து நிலவியல் கணக்கில் கைக்குழந்தை. அதன் தரையில் கிடைக்கும் மிகப் பழைய பாறைக்கே சுமார் 1.6 கோடி வயதுதான். ஆக்செல் குறிப்பிடும் சிலூரியன் காலம் 42 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. டிரைலோபைட்டுகள் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டன. தட்டுகள் விலகி எழுந்த புதிய எரிமலைத் தீவின் அடியில் அவை இருக்க வழியில்லை. விலகும் தட்டுகளைப் பற்றி முதலில் பேசிவிட்டு, "ஐஸ்லாந்தில் டிரைலோபைட் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

விலங்குகள் பகுதியில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. பிள்ளைகள் அதைத் தாங்களே ரசித்துவிடுவார்கள். கடலில் சண்டை போடும் இக்தியோசரும் பிளீசியோசரும் உண்மையில் வாழ்ந்தவை, இரண்டுமே டைனோசர்கள் இல்லை, கடல் ஊர்வன; இரண்டின் முதல் முழுமையான எலும்புக்கூடுகளை வெளிக்கொண்டுவந்ததில் மேரி ஆனிங் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. இவ்வளவு போதும். புயலில் நெருப்புப் பந்து வந்து திசைகாட்டியின் முனைகள் மாறிப்போகும் சம்பவத்தைப் பிள்ளைகள் கற்பனை என்று தள்ளிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். மின்னல் தாக்கிய கப்பல்களில் திசைகாட்டி முள் முனை மாறியது உண்டு. ஒரு தையல் ஊசியைக் காந்தத்தால் ஒரு திசையில் தேய்த்து மிதக்கவிட்டு, பிறகு எதிர் முனையால் தேய்த்து மிதக்கவிட்டால் அதே வித்தை கண்முன் நடக்கும். முழுப் பூமியின் காந்தப்புலமே பலமுறை முனை மாறியிருக்கிறது, கடைசியாகச் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன் என்பதை அதன் பிறகு சொன்னால் மனசில் நிற்கும்.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதைத் தயங்கிச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். அடுக்குகளின் எல்லைகள், வெளிக்கருவம் திரவம், உட்கருவம் திடம், தட்டுகள் நகர்வது, பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள்: இவற்றில் தயக்கமே வேண்டாம். தட்டுகளின் நகர்வைச் செயற்கைக்கோள் கருவிகள் நேரடியாகவே அளக்கின்றன. மையத்தின் வெப்பம் நேரடி அளவீடு இல்லை, அழுத்தச் சோதனைகளிலிருந்து ஊகித்தது. அதனால்தான் ஒரு எண்ணாக இல்லாமல் வரம்பாகச் சொன்னேன். கருவத்தில் இரும்பு, நிக்கலோடு கலந்திருக்கும் லேசான தனிமங்கள் எவை, உட்கருவம் எப்போது உறையத் தொடங்கியது, ஐஸ்லாந்துக்கு அடியிலிருந்து ஏறிவரும் சூடான பாறை எவ்வளவு ஆழத்திலிருந்து கிளம்புகிறது ஆகியவை இன்றும் ஆய்வாளர்கள் வாதிடும் கேள்விகள். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள். வாதம் இன்னும் முடியவில்லை என்று கேட்டால் அவர்களுக்கு உற்சாகம்தான் வரும்.

"பூமிக்கு அடியில் கடல் கண்டுபிடிப்பு" என்ற செய்தி யாராவது ஒரு பிள்ளை கையில் கட்டாயம் வந்து சேரும். பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துணுக்கு இருப்பதாக 2014-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதன் எடையில் சுமார் 1.5 சதவீதம் தண்ணீர். 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள பாறைகள் நிறைய நீரைத் தாங்கக்கூடும் என்பதற்கான ஆதாரம் அது. ஆனால் அது படிகத்துக்குள் பிணைந்த நீர். படகு விட முடியாது. வெர்னின் கடல் நிஜமாகிவிட்டது என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். நிஜமானது வேறொன்று. ம்போனெங் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், 60 டிகிரிச் சூட்டில், சூரிய ஒளியே இல்லாமல், கதிரியக்கத்தால் உண்டாகும் ஹைட்ரஜனைக் கொண்டு வாழும் பாக்டீரியா ஒன்று கிடைத்தது. அதற்குப் பெயர் வைத்த விஞ்ஞானிகள் இந்த நாவலின் சங்கேதக் குறிப்பில் வரும் இரண்டு சொற்களையே எடுத்து 'ஆடாக்ஸ்வியேட்டர்' என்று வைத்தார்கள். துணிச்சலான பயணி என்று அர்த்தம்.

நடைமுறைக்கு வருகிறேன். என் அனுபவம் சிறு குழுக்களோடு மட்டும். நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் வாக்குவாதம் எப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அங்கே குழுவாகப் பிரிப்பது நல்லது. தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் பூமியின் உட்புறத்தை வரையச் சொல்லி அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். முடித்த பிறகு பார்க்காமல் மறுபடி வரையட்டும். எது பதிந்தது, எது பதியவில்லை என்று இரண்டு படங்களும் சொல்லிவிடும், தேர்வு வைக்க வேண்டாம். எல்லா அத்தியாயத்தையும் பாடமாக்காதீர்கள். நிறுத்த வேண்டியவை நான்கைந்து இடங்கள்தான். மற்ற நேரம் கதை ஓடட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தினால் நாவலும் செத்துவிடும், அறிவியலும் கசந்துவிடும். சங்கேதத்தை அவிழ்க்கும் தொடக்கப் பகுதியும் ஐஸ்லாந்துப் பயணமும் சில பிள்ளைகளுக்கு நீளமாகத் தோன்றும். அவற்றை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். திரைப்படம் பார்க்க வேண்டுமென்றால் கடைசியில் பாருங்கள். காட்சி முந்திக்கொண்டால் வாதம் எடுபடாது.

கடைசியாக, எந்தப் பதிப்பு என்பது முக்கியம். 1871-இல் வெளிவந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று இன்றும் மலிவாகவும் இலவசமாகவும் புழங்குகிறது. அதில் பேராசிரியர் ஹார்டுவிக் ஆகவும் ஆக்செல் ஹாரி ஆகவும் மாறியிருப்பார்கள். மூலத்தில் இல்லாத பகுதிகள் நுழைந்திருக்கும், எண்களையும் நம்ப முடியாது. மேலே சொன்ன கணக்குகள் அதில் சரியாக வராமல் போகலாம். அதனால் எந்த மொழியில் வாசித்தாலும் முதல் அத்தியாயத்தைப் புரட்டி, லிடன்பிராக், ஆக்செல் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.